‘இடுக்குக்காற்று’ ஆசிரியர் தெமியான்

யாராவது படித்துவிட்டுப் படகுத்துறைப் பெஞ்சில் விட்டுப்போன செய்தித்தாள் கையில் கிடைத்தால் தெமியான் சாவிச் முதல் பக்கத்தைப் பார்ப்பதே இல்லை. சட்டென்று திருப்பிக் கடைசிப் பக்கத்தின் அடிக்குப் போய்விடுவார். அங்கே பொடி எழுத்தில் ‘பொறுப்பாசிரியர்’ என்று ஒரு வரி இருக்குமல்லவா, அதன் கீழே தார் படிந்த ஆள்காட்டி விரலை வைத்து, பெயரை எழுத்துக்கூட்டி உரக்க வாசிப்பார். பிறகு தொப்பியைக் கழற்றிச் சிலுவைக்குறி போட்டுக்கொள்வார்.

“பாவம், புள்ளகுட்டிக்காரனா இருப்பான்” என்பார். அதற்கப்புறம்தான் கோதுமை விலை, வானிலை, மற்றதெல்லாம்.

ஆள் கதவை அடைக்கிற உருவம். தாடியில் பாதி நரை, பாதி சூரியகாந்தி விதைத் தோல். ஸ்டீமர் கரையை நெருங்கும்போது மேலிருந்து வீசுகிற வடக்கயிற்றைப் பிடித்துக் கட்டுவது அவர் வேலை. ஒவ்வொரு ஸ்டீமருக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார். தாமதமாக வந்து தூரத்திலிருந்தே ஊதிக்கொண்டு வருவது ‘மாமியார்’. எந்தத் தகராறு வந்தாலும், யார் திட்டினாலும், அவரிடமிருந்து வருகிற பதில் ஒன்றுதான்: “அது கெடக்கட்டும்.”

வோல்கா உறைந்துவிட்டால் படகுத்துறைக்கு வேலை இல்லை, அவருக்கும் இல்லை. பனிக்காலத்தில் பனிக்கட்டி அறுப்பார், விறகு பிளப்பார், இல்லாவிட்டால் மனைவி உஸ்தீன்யாவிடம் திட்டு வாங்குவார். ஆனால் ஒரு குளிர்காலம் மட்டும் எங்கள் ஊர் நையாண்டி வாரப் பத்திரிகைக்குப் பொறுப்பாசிரியராக இருந்தார். அந்தப் பத்திரிகையில் வாரம் ஒரு கேலிப்பாட்டு எழுதியவன் நான். பகலில் மருந்துக்கடையில் மாத்திரை உருட்டுவேன்.

1905 இலையுதிர்காலத்தை எங்கள் ஊரில் யாரும் மறக்கமாட்டார்கள். பேச்சுச் சுதந்திரம் தந்தோம் என்று ஜார் அறிக்கை விட்டார். சுவரில் ஒட்டிய பசை காய்வதற்குள் ஆளுக்கொரு பத்திரிகை ஆரம்பித்துவிட்டார்கள். சுதந்திரத்தோடு ஒரு சட்டமும் வந்தது. ஒவ்வொரு பத்திரிகைக்கும் பொறுப்பாசிரியர் என்று ஒருவர் பெயர் இருக்கவேண்டும்; ஏதாவது தப்பாக அச்சாகிவிட்டால் அவர்தான் சிறைக்குப் போகவேண்டும். எழுதுகிறவனே சிறைக்குப் போய்விட்டால் அடுத்த வாரம் யார் எழுதுவது? அதனால் சிறைக்குப் போவதற்கென்றே தனியாக ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்வது வழக்கமாயிற்று. தலைநகரத்தில் முதலில் வந்த பழக்கம், மீசை ஃபேஷன் மாதிரி எங்கள் ஊருக்கும் வந்து சேர்ந்தது.

எங்கள் பத்திரிகையை உண்மையில் நடத்தியவர் வெனியமீன் இலிச் சோபல். மாவட்ட அலுவலகத்தில் புள்ளிவிவரக் குமாஸ்தா. ஒல்லி, மூக்குக்கண்ணாடி, ஓயாத இருமல். பத்திரிகைக்கு ‘ஸ்க்வஸ்ன்யாக்’ என்று பெயர் வைத்ததும் அவர்தான். கதவிடுக்கு வழியாக நுழைந்து பிடரியைத் தடவிவிட்டு ஜன்னலிடுக்கு வழியாக வெளியே போகும் காற்றுக்கு எங்கள் மொழியில் அந்தப் பெயர். தமிழில் இடுக்குக்காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஜனங்கள் காலராவுக்குக்கூட அவ்வளவு பயப்படமாட்டார்கள்.

படகுத்துறைக்குப் பக்கத்து டீக்கடையில் சோபலும் நானும் தெமியானைப் பிடித்தோம். அவர் தட்டில் டீயை ஊற்றி, சர்க்கரைக்கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

“ஆசிரியர்னா என்ன வேலைங்கய்யா?”

“உட்காரணும்.”

“எங்க?”

சோபல் பொய் சொல்லத் தெரியாத மனிதர். “முதல்ல ஆபீஸ்ல. அப்புறம்… ஜெயில்லயும் இருக்கலாம்.”

தெமியான் இன்னொரு தட்டு டீ ஊற்றிக்கொண்டார். “ஜெயில்ல அடுப்பு உண்டா?”

“உண்டுன்னு சொல்றாங்க.”

“ஆபீஸ்ல?”

“அங்கேயும் உண்டு. ஆனா புகையும்.”

“அது கெடக்கட்டும். ஏப்ரல்ல ஐஸ் ஒடைஞ்சதும் விட்டுருவீங்கள்ல? எனக்குத் துறைக்குப் போகணும்.”

“அதுவரைக்கும் பத்திரிகை இருந்தா பெரிய விஷயம்” என்றார் சோபல்.

வீட்டில் உஸ்தீன்யா கேட்டுவிட்டு மாவு பிசைந்த கையோடு வெளியே வந்தாளாம். “நீ ஆசிரியரா? மூட்டை மேல எழுதியிருக்கறதத் தவிர நீ என்னத்தய்யா படிச்சிருக்க? அதுவும் பேரு என்ன, இடுக்குக்காத்தா? கேட்டாலே இருமல் வருது!”

பீரங்கித் தெருவில் ஒரு செருப்புக்கடைக்கு மாடியில் எங்கள் அலுவலகம். தெமியான் காலையில் வந்து ஆசிரியர் நாற்காலியில் கோட்டும் தொப்பியுமாக உட்காருவார். தொப்பியைக் கழற்றலாமே என்றால், “பெரிய பதவில இருக்கறவன் தலைய தெறந்து போட்டுட்டு உக்காந்தா நல்லாவா இருக்கும்” என்பார். வயிறு உப்பிய பித்தளைச் சமோவாரில் எந்நேரமும் வெந்நீர் கொதிக்கும். வருகிறவர்களுக்கெல்லாம் டீ.

மாவில் சுண்ணாம்பு கலக்கிறார் என்று நாங்கள் படம் போட்டிருந்த ஒரு மாவு வியாபாரி, வெள்ளிப்பூண் போட்ட கைத்தடியோடு படியேறி வந்தார். சோபலும் நானும் பின்னறைக்குள் போய்விட்டோம். “எங்கடா அந்த ஆசிரியன்?” என்று அவர் கத்துவது கேட்டது. நாற்காலி கிரீச்சிட்டது. தெமியான் எழுந்திருப்பதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். எழுந்து முடித்தபோது வியாபாரியின் குரல் இறங்கிவிட்டது.

“நாந்தாங்க. அடிக்கறதுன்னா அடிங்க. ஆனா மொதல்ல கதவச் சாத்துங்க, இடுக்குக்காத்து வருது.”

வியாபாரி கதவைச் சாத்தினார். உட்கார்ந்தார். மூன்று தம்ளர் டீ குடித்து, மருமகன் சரியில்லை என்று அழுதார். போகும்போது தன் படம் வந்த இதழில் இரண்டு பிரதி வாங்கிக்கொண்டார், மனைவிக்குக் காட்டவேண்டும் என்று.

இரண்டாவது இதழ் தயாராகும்போது தெமியான் ஒரு சட்டம் போட்டார். எல்லாவற்றையும் தனக்கு முன்கூட்டியே படித்துக் காட்டவேண்டும். சோபலுக்குக் கொஞ்சம் ரோஷம். “உங்களுக்கு எதுக்கு தெமியான் சாவிச்? இது இலக்கியம்.”

“உக்காரப் போறவன் நானில்ல? எதுக்கு உக்காருறேன்னு தெரிய வேணாமா?”

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் சோபல் நின்றுகொண்டு படிப்பார். தெமியான் கண்ணை மூடிக் கேட்பார். சிரித்தால் தோள் இரண்டும் குலுங்கும், நாற்காலி முனகும். பிறகு தீர்ப்பு. “இதுக்கு ஒரு வாரம் உக்காரலாம்.” “இதுக்கு ரெண்டு நாள், அதுக்கு மேல தாங்காது.” நகரசபைத் தெருவிளக்கைப் பற்றி நான் மூச்சைப் பிடித்து எழுதிய பாட்டைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “தம்பி, நல்லாத்தான் இருக்கு. எங்க சிரிக்கணும்னு சொல்லிட்டீங்கன்னா சிரிச்சிடுவேன்.”

அவருடைய ரசனையை மெச்சுகிறேன் என்று நினைக்கவேண்டாம். ஒரு மாமியார் வாத்துக்குப் பயந்து கூரையில் ஏறிய கதையை எல்லா இதழிலும் போடவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். சோபல் தலையில் அடித்துக்கொண்டு ஒரு தடவை போட்டார். அந்த மாதம் வந்த வாசகர் பாராட்டெல்லாம் அந்த வாத்துக்குத்தான். எனக்கு அது இன்னும் வலிக்கிறது.

போலீஸ் தலைவருடைய குதிரை ராஜினாமா செய்வதாக ஒரு கட்டுரை போட்டோம். தெமியான் அதற்கு ஒரு வாரம் என்று மதிப்பிட்டிருந்தார். அவர்கள் இரண்டு வாரம் கொடுத்தார்கள். திரும்பி வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்து சுற்றுமுற்றும் பார்த்தார். “கஞ்சில வெண்ணெய் இல்ல. மத்தபடி கொறை சொல்ல முடியாது.” ஆனால் மார்புக்குள் கரகரவென்று ஒரு சளி ஏறியிருந்தது. பத்திரிகை ஆசிரியர் வந்திருக்கிறார் என்று அறைக்கைதிகள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து நகைச்சுவை கேட்டார்களாம். அச்சானது, அச்சாகாதது எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்துவிட்டாராம். “உங்க பாட்டயும் சொன்னேன் தம்பி. ஒருத்தன் சிரிச்சான். அவனுக்குக் காது கேக்காது.”

எங்கள் படங்களை வரைந்தது யார் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுக்கும் ரயீசா பவ்லவ்னா. முப்பது வயது, தனியாள், பூனை மாதிரி சத்தமில்லாமல் நடப்பாள். தெரிந்தால் வேலை போகும். வேலையோடு நிற்காது, சைபீரியா வரைக்கும் நீளும். படத்தை இசைத்தாளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்து தருவாள். தெமியான் மட்டும் ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்று, “வாங்கம்மா, டீ ஆறிடப் போவுது” என்பார்.

பிப்ரவரியில் ஆற்றுக்கு அக்கரையில் கமென்கா என்ற கிராமத்துக்குச் சிப்பாய்கள் போனார்கள். ஊர்க்காரர்கள் பண்ணையார் காட்டில் விறகு வெட்டினார்கள் என்று குற்றம். ஆண்களை எல்லாம் பனியில் குப்புறப் படுக்கவைத்துச் சாட்டையால் அடித்தார்கள். உஸ்தீன்யாவுக்கு அதுதான் பிறந்த ஊர். அவள் தம்பி ஃபோமாவைப் பனிச்சறுக்கு வண்டியில் வைக்கோல்போட்டு இக்கரைக்குக் கொண்டுவந்து தெமியான் வீட்டு அடுப்படியில் கிடத்தினார்கள். மல்லாந்து படுக்கமுடியாமல் நாள்கணக்கில் முகம் புதைத்துக் கிடந்தான்.

அந்த வெள்ளிக்கிழமை ரயீசா ஒரு படம் கொண்டுவந்தாள். ஒரு சாய்வு நாற்காலியில் கவர்னருடைய சீருடை உட்கார்ந்திருக்கிறது. பித்தான், பதக்கம் எல்லாம் உண்டு. காலருக்கு மேலே தலை இல்லை. எதிரே பனியில் வரிசையாகக் குடியானவர்கள் குப்புறக் கிடக்கிறார்கள். ஒவ்வொரு முதுகிலும் பள்ளிக்கூட நோட்டுமாதிரி நேர்நேராகக் கோடு. கீழே இரண்டே சொல்: ‘மாவட்டத்தில் அமைதி.’

தெமியான் படத்தைக் கையில் வாங்கி ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். தோள் குலுங்கவில்லை.

“இதுல சிரிப்பு இல்லம்மா” என்றார்.

ரயீசா கையை நீட்டினாள். “சரி. வேண்டாம். கொடுத்துடுங்க.”

அவர் கொடுக்கவில்லை. “போடுங்கய்யா” என்றார் சோபலிடம்.

“தெமியான் சாவிச், இது குதிரை இல்ல. கவர்னர். எவ்வளவு கொடுப்பாங்கன்னு சொல்ல முடியாது.”

“நான் கணக்குக் கேட்டனா?”

“ஐஸ் உடையறதுக்குள்ள வெளியே வரமுடியாது. உங்க வேலை போயிடும்.”

“அது கெடக்கட்டும்.” படத்தை மேசையில் வைத்துத் தன் உள்ளங்கையால் ஓரங்களை நீவிவிட்டார். தார்க்கறை ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டது. ரயீசா அதை அழிக்கவில்லை.

இதழ் வெளிவந்த அன்று மதியத்துக்குள் ஊரே அதை வாங்கிவிட்டது. மாலைக்குள் போலீஸ் வந்தது. பத்திரிகைக்கும் பூட்டு, ஆசிரியருக்கும் பூட்டு. அச்சகத்தில் மிச்சமிருந்த பிரதிகளை முற்றத்தில் போட்டுக் கொளுத்தினார்கள். ஒரு குளிர்காலம்கூட முழுதாக வாழாத பத்திரிகை எங்களுடையது. இன்று அதன் முழுத்தொகுப்பு யாரிடமும் இல்லை.

விசாரணையில் அவர்களுக்கு வேண்டியது தெமியான் அல்ல. வரைந்தவர் யார் என்பதுதான். அதைச் சொல்லிவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று அவரிடம் சிறையில் சொல்லியிருக்கிறார்கள்.

வழக்கு நாளில் நீதிமன்றம் நிரம்பி வழிந்தது. உஸ்தீன்யா தலைமுக்காட்டை இறுகக் கட்டிக்கொண்டு, மடியில் பிரோக் என்கிற பூரணம் வைத்துச் சுட்ட ரொட்டி மூட்டையோடு உட்கார்ந்திருந்தாள். வேறு இடமில்லாமல் அவள் பக்கத்தில் ரயீசா. அதுவரை இருவரும் பேசிக்கொண்டதில்லை. எங்கள் கூட்டத்தைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள் உஸ்தீன்யா.

“இந்தப் படத்தை வரைந்தது யார்?” என்றார் நீதிபதி.

“நாந்தாங்க, எசமான்.”

மண்டபத்தில் சலசலப்பு. அரசு வக்கீல் சிரித்தார். “படகுத்துறையில் கயிறு பிடிக்கிறவன் வரைந்ததாம்! எசமான், இவனுக்கு ஒரு தாளும் பென்சிலும் கொடுங்கள். அதே சீருடையை வரையட்டும்.”

கொடுத்தார்கள். தெமியான் பென்சிலை நுனிநாக்கில் நனைத்துக்கொண்டார். அந்த விரல்களுக்குள் பென்சில் தீக்குச்சி மாதிரி இருந்தது. கூண்டின் கைப்பிடிமேல் தாளை வைத்து மூக்கு தொடுமளவுக்குக் குனிந்து வரைந்தார். வரைய வரைய நாக்கு வெளியே நீண்டது. முடித்துவிட்டு, எட்டப்பிடித்து ஒருமுறை பார்த்துவிட்டு, நீட்டினார்.

நீதிபதி தாளை இப்படியும் அப்படியும் திருப்பினார். “என்ன இது? சமோவாரா?”

“சீருடைங்க. நல்லாப் பாருங்க எசமான், பித்தான் இருக்கு. தல இல்ல.”

முதலில் யாரோ ஒரு மாணவன் சிரித்தான். பிறகு மண்டபம் முழுதும். வாசற்சிப்பாய் திரும்பி நின்றுகொண்டான். அவன் முதுகு ஆடியது. நீதிபதி மணியை அடித்துக்கொண்டே இருந்தார்.

“பத்திரிகையில் வந்தது தேர்ந்த கை வரைந்தது. இது குழந்தைக் கிறுக்கல்!” என்று அரசு வக்கீல் கத்தினார்.

“அங்க ஆபீஸ்ல கதகதன்னு இருந்துச்சுங்க. இங்க கை வெறைக்குது. பெரியவங்க முன்னால பயம் வேற.”

நீதிபதி தாளைக் கீழே வைத்தார். குரல் மாறியது. “கடைசியாகக் கேட்கிறேன். பெயரைச் சொன்னால் உனக்குத் தண்டனை இல்லை. சொல்லாவிட்டால் வரைந்தது, வெளியிட்டது, இரண்டு குற்றத்துக்கும் நீதான்.”

எனக்கு நேர் முன் வரிசையில் ரயீசா எழுந்துகொண்டிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை, வாய் திறந்துவிட்டது. உஸ்தீன்யா திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி அவள் பாவாடையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். ரயீசா தொப்பென்று பெஞ்சில் விழுந்தாள்.

“உக்காரும்மா” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள் உஸ்தீன்யா. “அவரு வேலைய அவரு பாக்கட்டும்.”

பிடித்த பாவாடையைத் தீர்ப்பு வாசித்து முடியும்வரை விடவில்லை. கூண்டில் தெமியான், “நாந்தாங்க எசமான், வேற யாரு” என்று மூன்றாம் தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆறு மாதம். தீர்ப்பான சில நாளில் வோல்கா இடிமுழக்கம்போல் உடைந்து ஓடியது. சிறை ஜன்னலிலிருந்து ஆறு தெரியாது, சங்கு கேட்கும். சங்கை வைத்தே எந்த ஸ்டீமர், எவ்வளவு சரக்கு, கயிறு பிடிக்கிறவன் தூங்குகிறானா என்பதுவரை அறைக்கைதிகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

கோடைமுழுதும் உஸ்தீன்யா ஞாயிறுதோறும் பிரோக் கொண்டுபோனாள். ரயீசாவும் கூட வருகிறேன் என்று நின்றாள். “நீ அந்தப் பக்கம் தலகாட்டினா அவரு பட்டதெல்லாம் வீணாப் போயிடும். அடுப்படியில உக்காந்து மாவு பெசை” என்றுவிட்டாள் உஸ்தீன்யா. ரயீசாவுக்குச் சமையல் என்ன தெரியும்? ஒரு பக்கம் கரி, மறுபக்கம் பச்சை மாவு. தெமியான் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று மோந்துபார்த்துவிட்டு, “இது யாரு கைவேல?” என்று கேட்டாராம். “தின்னுய்யா” என்றாளாம் உஸ்தீன்யா. அவர் ஒரு துணுக்கு மிச்சம் வைக்காமல் தின்றார்.

சந்தேகத்தின் பேரிலேயே சோபலை வடக்கே ஒரு குக்கிராமத்துக்கு நாடுகடத்தினார்கள். அங்கத்திய ஈரக்குளிர் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது வசந்தத்தில் சாவுச் செய்தி வந்தது. தெமியான் தேவாலயத்தில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு என்னிடம் சொன்னார்: “நல்லா வாசிப்பாரு. எழுத்துக்கூட்ட மாட்டாரு.”

விடுதலையான பிறகு அரசியல் கைதிக்கு வேலை தரமுடியாது என்றுவிட்டார் படகுத்துறை ஏஜென்ட். அவரை மனம் மாற்றியது யார் தெரியுமா? சுண்ணாம்பு மாவு வியாபாரி. “அந்த ஆளு இல்லாட்டி என் மூட்டை வேற துறைக்குப் போகும்” என்று ஏஜென்ட் முன்னால் கைத்தடியை ஊன்றிச் சொன்னாராம்.

சென்ற செப்டம்பரில் ரயீசா பவ்லவ்னா கசான் நகரத்துப் பள்ளிக்கு மாற்றலாகிப் போனாள். வழியனுப்ப நான் போயிருந்தேன். இரண்டு பெட்டி, ஒரு குடை, ஒரு பூனைக்கூடை. துறையில் வழக்கம்போல் ஒரு போலீஸ்காரர், போகிறவர் வருகிறவர் முகத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

தெமியான் பெட்டிகளைக் கைக்கு ஒன்றாகத் தூக்கி ஸ்டீமரில் வைத்துவிட்டுத் திரும்பினார். ரயீசா ஸ்டீமருக்கு ஏறும் பலகையின் முனையில் நின்றுகொண்டாள்.

“தெமியான் சாவிச், இத்தனை வருஷமா நான் உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல. அந்தப் படம்…”

“எந்தப் படம்மா?” என்றார் அவர் உரக்க. “நான் வரைஞ்சதா? அது அவ்வளவு நல்லா வரல. ஏறுங்க, சங்கு ஊதிட்டான்.”

அவள் கையை நீட்டினாள். அவர் தன் கையைப் பார்த்தார், கோட்டில் இருபுறமும் துடைத்தார், பிறகு அவள் விரல் நுனியை மட்டும் பிடித்து ஒருமுறை ஆட்டிவிட்டு விட்டார். ஏறும்போதே அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு, மறைக்கக்கூடத் தோன்றாமல், தோள் அதிர அழுதாள்.

போலீஸ்காரர் கழுத்தை நீட்டினார். “யாருய்யா அந்தம்மா? உன்னப் பாத்து எதுக்கு அழுவுது?”

“பூனைக்குத் தண்ணின்னா பயமாம்” என்றார் தெமியான். சொல்லிக்கொண்டே இரண்டடி நகர்ந்து, போலீஸ்காரருக்கும் ஆற்றுக்கும் நடுவே வந்து நின்றார். கோட்டுப் பித்தான்களை அவிழ்த்து, இடுப்பில் இரு கையையும் ஊன்றிக் கோட்டை அகல விரித்துக்கொண்டார். போலீஸ்காரர் இடப்பக்கம் எட்டிப்பார்த்தால் இவர் இடப்பக்கம் சாய்ந்தார். அவர் வலப்பக்கம் எட்டினால் வலப்பக்கம். ஸ்டீமர் வளைவு திரும்பி, புகை மட்டும் மிஞ்சுகிறவரை அப்படியே நின்றார்.